ஒட்டுப்போட்ட குரல்

அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. எழுதினால் இந்தக் கதையும் பாதியில் அறுந்து போகலாம். குளிர் அதிகம், கல்லூரிக் கட்டணம் குறைவு, நம் ஊர்ப் பிள்ளைகள் டாக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் படிக்கக் கூட்டம் கூட்டமாகப் போகிற இடம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அங்கே இணையம் காலையில் வரும், மதியம் போகும், வந்தாலும் முழுசாக வராது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வடக்கே சுரங்க ஊர்களில் ஏதோ ஒரு நோய் பரவியது. அப்படி எதுவும் பரவவில்லை என்று அரசாங்கம் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், காய்ச்சல், ரத்தம், ஆஸ்பத்திரி, ஆபரேஷன், சாவு என்று யார் எந்த மொழியில் பேசினாலும் அந்த நொடியே அழைப்பை அறுத்துவிடும் ஓர் ஏற்பாட்டையும் செய்தது. நம் பிள்ளைகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். எந்நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஆஸ்பத்திரிக்கு 'மில்லு' என்றும் காய்ச்சலுக்கு 'விருந்தாளி' என்றும் மாற்றிப் பேசிப் பார்த்தார்கள். மாமியார் அதையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு நிஜமாகவே விருந்தாளி வந்ததைச் சொன்ன அம்மாக்களின் அழைப்புகளும் அறுந்தன.

அழைப்பு அறுந்தால் வீட்டில் பதறுவார்கள். திரும்பக் கூப்பிட்டு, என்ன சொன்னேன் என்று தெரியாமல் அதே வார்த்தையை மறுபடி சொல்வார்கள். அதே நாளில் மறுபடி அறுந்தால் மாணவனின் இணைப்பையே ஒரு மாதத்துக்குப் பிடுங்கிவிடுவார்கள். இப்படி ஆளாளுக்கு விடுதி நடையில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தூர்க்காரன் செழியன் 'ஒட்டு' என்ற செயலியைச் செய்தான். கம்ப்யூட்டரில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவன், மூளைக்காரன். துணி கிழிந்தால் ஒட்டுப் போடுவதில்லையா, அதுபோல்தான் இதுவும். ஒரு மகளும் அப்பாவும் பேசுகிறார்கள் என்றால், மகள் போனிலும் ஒட்டு இருக்கும், அப்பா போனிலும் இருக்கும். இருவரும் முன்பு பேசிய பேச்சையெல்லாம் கேட்டு, குரலையும் முகத்தையும் பேசும் விதத்தையும் பழகி வைத்திருக்கும். நடுவில் லைன் அறுந்தால், அப்பாவிடம் மகளைப் போலவும் மகளிடம் அப்பாவைப் போலவும் பேச்சைத் தொடரும். லைன் திரும்பியதும் நைசாக விலகிக்கொள்ளும்.

மாணவர் போனில் மட்டும், ஒட்டு பேசும்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி எரியும். வீட்டுப் பக்கம் முதலில் புள்ளி இருந்தது. "நீ இல்லாதப்ப என்கூடப் பேசுனது யாருடா?" என்று செழியனின் அம்மாவே மிரண்டு போனதால் அதை எடுத்துவிட்டான். முதலில் இன்னொரு வசதியும் இருந்தது. அறுந்த நேரத்தில் வீட்டில் உண்மையாகப் பேசியதைப் பிடித்து வைத்து, பிறகு பிள்ளையிடம் சேர்த்துவிடும். ஒரு நாள் விடுதியில் போன்களைச் சோதித்தார்கள். ஒரு பையனின் போனில் அவன் அம்மா ஆஸ்பத்திரி என்று சொல்லும் பதிவு கிடைத்தது. மறுநாள் அவனை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். செழியன் அந்த வசதியையும் அன்றைக்கே எடுத்துவிட்டான். அதன்பிறகு, அறுந்த நேரத்தில் பேசியதெல்லாம் பேசி முடித்ததும் அழிந்துவிடும்.

யாருக்கும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நடையில் யாரும் அழவில்லை. மெஸ்ஸில் செழியனுக்கு மட்டும் இரண்டாவது முட்டை கேட்காமலே வந்தது.

விடுமுறைக்கு அவன் ஊருக்குக் கிளம்பியபோது தாரணி ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளகோவில் பக்கத்துப் பெண், மருத்துவம் நான்காம் ஆண்டு. பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு வந்து தலை பின்னிவிட்ட அப்பாதான் அவளுக்கு எல்லாம்.

"இது அப்பாவுக்குங்ணா. கம்பளித் தொப்பி."

"உங்க ஊர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா? மனுஷன் வெந்து போவாரும்மா."

"போட வேண்டாம், சும்மா வெச்சிருக்கட்டும். மக அனுப்புனான்னு நாலு பேர்த்துகிட்டக் காட்டிட்டுத் திரிவாரு."

ஊருக்குப் போகிறவன் மற்றவர் வீட்டுப் பொருளையும் சுமக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கூரியரில் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நேரில் போய்க் கொடுத்து, உட்கார்ந்து காப்பி குடித்து, உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்று வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று செழியன் கேட்டான்.

"சூப்பரா இருக்காருங்ணா. குரலு கணீர்னு இருக்குது. தெனமும் பேசறோம். நடுவால புள்ளி எரியும். எரியட்டும்னு போனை அப்படியே சாத்தி வெச்சுட்டு நான் ரெண்டு பக்கம் படிச்சுருவேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். செழியனும் சிரித்தான். தன் செயலி ஒரு பெண்ணின் படிப்புக்கு உதவுகிறது என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளகோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். நாச்சிமுத்து தறிக்குடோன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு. கும்பிட்டு வாயைத் திறந்தார். தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. தறிச் சத்தத்தில்தான் சரியாகக் கேட்கவில்லை என்று செழியன் நினைத்தான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் அதே சத்தம்தான் வந்தது.

"வாங்க தம்பி. பாப்பா சொல்லுச்சுங்க, நீங்க வருவீங்கன்னு."

"குரல் என்னாச்சு அங்கிள்? சளியா?"

அவர் வியப்போடு பார்த்தார். "பாப்பா உங்ககிட்டச் சொல்லலீங்களா? தொண்டையில புத்துங்க. கோயமுத்தூர்ல பார்த்துச் சொல்லிப்போட்டாங்க. குரல்வளையவே எடுத்துப்போடோணுமாமுங்க. எடுத்தா உசுரு நிக்கும், குரலு நிக்காதுன்னாங்க."

செழியன் பையை மடியிலிருந்து கீழே வைத்தான். "தாரணிகிட்டச் சொன்னீங்களா?"

"மொதல்ல மறைச்சுப்போடலாம்னுதான் இருந்தனுங்க. படிக்கிற புள்ள மனசை எதுக்குக் கெடுக்கறதுன்னு. ஆனாக் குரலே போயிருமுன்னா, அப்புறம் எப்படிங்க மறைக்கறது? சொல்லிப்போட்டேன். ஒருக்கா இல்லீங்க, நாலஞ்சு தடவை சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"லீவுக்கு வர்றேன், வந்து பார்த்துக்கலாமுன்னாளுங்க. டாக்டரு இந்த வாரமே வரச் சொன்னாரு. நாந்தான் தள்ளிப்போட்டேன். புள்ள வந்து, அவகூட நாலு நாளைக்கு வாயாரப் பேசிப்போட்டு, அப்புறம் போலாமுன்னு இருக்கறேன். டாக்டருக்குப் படிக்கிற புள்ள சொன்னாச் சரியாத்தானுங்களே இருக்கும்?"

தாரணிக்கு லீவு விட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"தாரணி அழலையா அங்கிள்?"

"அதுதானுங்க எனக்கும் ஆச்சரியம். கால்ல முள்ளுக் குத்துனாவே ஊரைக் கூட்டற புள்ள. இப்ப, சரிங்ப்பா, சாப்டீங்களான்னு கேக்கறா. படிப்பு மனசைக் கெட்டி பண்ணிருச்சாட்ட இருக்குது. நல்லதுதானுங்க, டாக்டருன்னா அப்படித்தானே இருக்கோணும்?"

காப்பி வந்தது. செழியன் தொப்பியை எடுத்துக் கொடுத்தான்; அவர் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவர் பேசிக்கொண்டே இருந்தார். தாரணி பிறந்த வருஷம் சொட்டு மழை கிடையாதாம், கிணறு அடிவரை வற்றிப் போய், லாரித் தண்ணீர் வாங்கித்தான் குழந்தையைக் குளிப்பாட்டினார்களாம். செழியன் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் ஆஸ்பத்திரி என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மாமியார் லைனை அறுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் செய்த ஒட்டு, அவன் சொல்லிக்கொடுத்தபடியே, யார் மனதும் நோகாமல் பேசி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எல்லாம் தாரணி போனைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு பக்கம் படித்திருக்கிறாள்.

ஆனால் லைன் இருந்த நேரத்தில் இந்தக் குரலை அவள் கேட்டிருக்க வேண்டுமே? குரல் கணீரென்று இருக்கிறது என்றாளே? அதற்கும் விடை அவனுக்கே தெரிந்திருந்தது. லைன் கரகரத்தால் ஒட்டு அதைத் துடைத்து, தான் பழகி வைத்திருக்கும் பழைய குரலில் கொடுக்கும். அதற்குப் புள்ளி எரியாது. சின்ன வேலைக்கெல்லாம் எதற்குப் புள்ளி என்று அவன்தான் விட்டுவிட்டான். மனிதனின் தொண்டை கரகரப்பதற்கும் லைன் கரகரப்பதற்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று அவனும் நினைத்திருந்தான்.

"இருங்க, பாப்பாவைக் கூப்புடறேன். நீங்க வந்துட்டீங்கன்னு சொல்லோணும்" என்று நாச்சிமுத்து போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன.

திரையில் தாரணி வந்தாள். "அப்பா! செழியண்ணா வந்துட்டாங்களா? தொப்பி போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டேன் சாமி. நல்லாருக்குது. அப்புறம், ஆஸ்பத்திரியில இருந்து மறுக்காவும் போன் பண்ணியிருந்தாங்க."

செய்தவன் என்பதால் எந்தப் போனில் புள்ளி எரிந்தாலும் செழியனின் போனில் தெரியும். இப்போது தாரணியின் புள்ளி எரிந்தது. நாச்சிமுத்துவின் திரையில் தாரணியின் முகம் கொஞ்சமும் அசங்கவில்லை. "அப்படியாங்ப்பா? உடம்பைப் பார்த்துக்கங்க. லீவுக்கு வந்தர்றேன். சாப்டீங்களா?"

இப்போது சொல்லிவிடலாம். அங்கிள், இது தாரணி இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். செழியன் வாயைத் திறந்தான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். உங்கள் மகள் கல்நெஞ்சக்காரி இல்லை, அவளுக்கு எதுவுமே தெரியாது, நீங்கள் நாலைந்து முறை மனசைத் திறந்து காட்டியது என் மெஷினிடம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இவர் தாரணியிடம் சொல்வார். தாரணி விடுதியில் சொல்வாள். எத்தனை வீட்டில் எதையெல்லாம் ஒட்டு விழுங்கியிருக்கிறதோ! அத்தனை பேரும் அவன் அறைக் கதவைத் தட்டுவார்கள். அந்தப் பயமும் இருந்தது என்பதை அவன் பிற்பாடு தனக்குத்தானே ஒத்துக்கொண்டான். ஆனால் அப்போது, இவர் உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்கிறோம் என்றுதான் நினைத்தான்.

சோதித்துப் பார்ப்பதற்காக அவன் வைத்திருந்த ஒரு வழி இருந்தது. அவன் போனில் எழுதினால், ஒட்டு அதை அப்படியே சொல்லும். வாசல்படியில் போய் நின்றுகொண்டு எழுதினான்.

"அப்பா, நான் யோசிச்சுப் பார்த்தனுங்ப்பா" என்றது திரையில் இருந்த தாரணி. "எனக்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் சொன்ன தேதிக்கே பண்ணிக்கங்க."

உள்ளே அந்தக் கீறல் குரல் கேட்டது. "நீ வர்றப்ப அப்பனுக்குப் பேச்சு இருக்காதே சாமி?"

செழியன் எழுதினான். "உசுரு இருக்குமில்லீங்ப்பா." அவனுக்கே தெரியாமல் அவள் பேசுவது போலவே எழுத வந்தது.

நாச்சிமுத்து மடியிலிருந்த தொப்பியைத் தடவினார். "சரி சாமி. நீ சொன்னாச் சரி. நாளைக்கே மாப்பிள்ளையைக் கார் எடுத்தாரச் சொல்றேன்" என்றார். மாப்பிள்ளை என்றது அவருடைய அக்கா மகனை. "அப்படீன்னா ஒண்ணு பண்ணு. குரலு போறதுக்குள்ள நாலு வார்த்தை பேசிப்போடறேன். உன்ற போன்ல புடிச்சு வெச்சுக்க. அப்பன் பேச்சைக் கேக்கோணுமுன்னு இருந்தா எடுத்துப் போட்டுக் கேளு."

"சரிங்ப்பா, வெச்சுக்கறேன்" என்றது ஒட்டு. இதைச் செழியன் எழுதவில்லை. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது அதன் பழக்கம்.

"நீ பொறந்தன்னைக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்கு மேல் செழியனால் நிற்க முடியவில்லை. ஓர் அப்பா மகளிடம் கடைசியாகப் பேசுவதை வாசலில் நின்று கேட்கிற அளவுக்கு மானங்கெட்டுப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தான். திரும்பி வந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் நிறைவாக இருந்தது. அப்போதுதான் செழியனுக்கு உறைத்தது. அந்தப் பேச்சு எங்கேயும் இல்லை. பேசி முடித்த அந்த நொடியே அழிந்திருக்கும். மானம் பார்த்து நடந்து போகாமல் நின்று கேட்டிருந்தாலாவது, ஒரு மனிதக் காதில் அது இருந்திருக்கும்.

இரவு தங்கித்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தங்கினான். கேட்டால் மறுபடி பேசியிருப்பார். இன்னொரு தடவை பேசுங்கள் அங்கிள், என் போனில் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எதற்கு என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் கொள்ளுப் பருப்பும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தான். காலையில் கார் வந்தது. ஏறப்போகும்போது நாச்சிமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவைப் பார்த்துக்கங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் செழியன் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் படுத்திருந்த நாள்களில் அழைப்பு வராததை, வழக்கம்போல இணையம் இல்லை என்றே தாரணி எடுத்துக்கொண்டாள். நோய் முழுவதும் எடுத்தாயிற்று, நல்லவேளை தள்ளிப்போடவில்லை என்று டாக்டர் சொன்னதாக அக்கா மகன் தகவல் அனுப்பினான். செழியன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாரணியைப் பார்க்கும்போது மட்டும் சரியாக இல்லை.

விடுமுறை முடிந்து அவன் திரும்பியபோது அவளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து, தோசையைப் பிட்டுக்கொண்டே அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். திரையில் நாச்சிமுத்து தெரிந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. தலையில் கம்பளித் தொப்பி.

"சாப்டியா சாமி? நல்லாப் படி. ஒடம்பைப் பார்த்துக்க" என்றது குரல். வெண்கலம் போலக் கணீரென்று.

செழியன் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டான். லைன் அறுபடவில்லை. புள்ளி எரியவில்லை. அங்கே மனிதர் வாயை அசைக்கிறார், சத்தம் வரவில்லை. சத்தம் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒட்டு தன்னிடமிருந்து எடுத்துப் போடுகிறது. பேச்சு போன மனிதரை அது பேச வைத்துக்கொண்டிருக்கிறது.

"பார்த்தீங்களாங்ணா, தொப்பி! அந்த வெயில்ல!" என்று தாரணி போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். நாச்சிமுத்து அவனைப் பார்த்துக் கும்பிட்டார். அவனும் கும்பிட்டான்.

பரீட்சை முடியட்டும் என்று இருந்தான். நம் ஊர் வழக்கத்தில் அதற்குத் தடையே இல்லை. படிக்கிற பிள்ளையிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பதை யாரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் செத்துக் காரியம் முடிந்த பிறகே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வழக்கத்தின் நிழலில் செழியன் ஒதுங்கிக்கொண்டான். ஒதுங்கியிருந்த நாள்களில் ஒரு வேலையும் செய்தான். தாரணி ஊருக்குப் போனதும் அவர் அந்தப் பேச்சைப் போடச் சொல்வார் அல்லவா? அதனால் ஒட்டிடம், "நீ பொறந்தன்னைக்கு" என்று எடுத்துக்கொடுத்து, ஓர் அப்பா மகளிடம் பேசுவது போல மிச்சத்தை நிரப்பச் சொன்னான். நிரப்பிக் கொடுத்தது. கேட்டபோது அவனுக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது.

படிப்பை முடித்துக்கொண்டு செழியனும், லீவுக்குத் தாரணியும் ஒன்றாகவே ஊருக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் பஸ் ஏறியதும், இனியும் தள்ளிப்போட இடமில்லை என்ற நிலையில் சொன்னான்.

"தாரணி, அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு. தொண்டையில. இப்ப உயிருக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காரு. ஆனா குரல் இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். "குரல் இல்லீனா? முந்தாநேத்து எங்கூடப் பேசுனாரேங்ணா?"

"அது ஒட்டு."

"புள்ளி எரியலியே?"

"அதுக்குப் புள்ளி எரியாது."

பஸ் சூலூர் தாண்டியதும் அவள், கேட்கவே பயந்தவள் போல மெதுவாகக் கேட்டாள். "எப்ப? ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

உண்மையைச் சொல்ல இது இரண்டாவது வாய்ப்பு. "பரீட்சை நேரத்துல உன் மனசு கெடக்கூடாதுன்னு அப்பா நெனச்சாரு" என்றான் செழியன்.

"நான் டாக்டருக்குப் படிக்கறேன்" என்றாள் அவள். "எங்கப்பன் தொண்டையைத் தெனமும் ஸ்க்ரீன்ல பார்த்திருக்கறேன்." ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டாள். புள்ளி எரியும்போதெல்லாம் தான் படித்துக்கொண்டிருந்ததை அவள் நினைக்கிறாள் என்று செழியனுக்குத் தெரிந்தது. அவள் மேல் தப்பில்லை என்று சொல்லத் தோன்றியது. சொன்னால், யார் மேல் தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நாச்சிமுத்து வாசலில் நின்றிருந்தார். உடம்பு சற்றுத் தேறியிருந்தது. கழுத்துக் குழியின் மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தாரணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் வாயை அசைத்தார். கழுத்துத் துணி வழியே காற்று மட்டும் வந்தது. அந்த வாய் சாமி என்று சொல்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "ஏனுங்ப்பா எங்கிட்டச் சொல்லாம மறைச்சீங்க? பரீட்சை போனாப் போகட்டுமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த சிலேட்டை எடுத்தார். வீட்டில் இப்போது எல்லாப் பேச்சும் அதில்தான். பல்பம் கிறீச்சிட எழுத ஆரம்பித்தார். தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த செழியனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'நீதானே சாமி பண்ணிக்கச் சொன்'

அங்கே பல்பம் நின்றது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு செழியனைப் பார்த்தார். அன்றைக்கு வாசல்படியில் போனும் கையுமாக நின்றவனை நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது. செழியன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது, அவர் எழுதியதை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, 'தப்புத்தான் சாமி' என்று எழுதி மகளிடம் காட்டினார்.

"எனக்கு உங்க குரலு கேக்கோணும்ப்பா" என்று அவள் விம்மினாள். "ஒரே ஒரு தடவை, கடைசியா எங்கூட நீங்களே பேசுன மாதிரி எதுவும் எங்கிட்ட இல்லை."

அவர் முகம் பரபரத்தது. அவள் போனைச் சுட்டிக் காட்டினார். காதைத் தொட்டார். நெஞ்சைத் தொட்டார். பிடித்து வைத்திருக்கிறாயே, போடு என்பது போலக் கையை ஆட்டினார். அவள் விழித்தாள். "என்னங்ப்பா? எதைப் போடறது?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்கிட்ட இருக்கு தாரணி" என்றான் செழியன். வாய் அவனை முந்திக்கொண்டது. "ஆபரேஷனுக்கு முந்தின நாள் உனக்காகப் பேசினாரு. லைன் அறுந்துபோனதால உனக்கு வரல. நான் எடுத்து வச்சிருக்கேன்."

நாச்சிமுத்துவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தார். செழியன் போனை நடுவில் வைத்து விரலால் தொட்டான்.

"நீ பொறந்தன்னைக்கு நல்ல மழை சாமி" என்று ஆரம்பித்தது அந்தக் குரல். கரகரப்பு இல்லை, கீறல் இல்லை. தொண்டைக்கு ஒன்றும் வராத நாளில் இருந்த குரல். "ஊரெல்லாம் தண்ணி. நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்து உன்னையத் தூக்குனேன். அன்னையில இருந்து இந்த அப்பனுக்கு ஒரு கொறையும் இல்லை..."

மழை என்ற சொல்லைக் கேட்டதும்தான், வற்றிய கிணறும் லாரித் தண்ணீரும் செழியனின் நினைவுக்கு வந்தன. காப்பி டம்ளரோடு உட்கார்ந்து கேட்டதுதான். நிமிர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்தான். அவர் போனைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர், வழி தவறி வந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

குரல் முடிந்தது. தாரணியின் முகம் அழுகையிலேயே மலர்ந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு தெளிவாப் பேசியிருக்கீங்க! எனக்குத் தெரியவே தெரியாதுங்ப்பா. நான் பொறந்தன்னைக்கு மழையா?"

சிலேட்டு அவர் மடியில்தான் இருந்தது. பல்பமும் கையில் இருந்தது. இல்லை என்று எழுத வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும். செழியன் அதற்காகக் காத்திருந்தான். அது வந்துவிட்டால் நிம்மதி என்றுகூட இருந்தது.

நாச்சிமுத்து மகளைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார்.

"இன்னொருக்காப் போடுங்கண்ணா" என்றாள் தாரணி.

செழியன் போட்டான். மழை வந்தது. அவர் மறுபடியும் தலையசைத்தார்.